500 ஜிபி என்று காட்டும் 62 ஜிபி: மெய்நிகர் கணினியின் வட்டை இடம் மாற்றுவது எப்படி?

பட்டர்வொர்த்தில் ஒரு சிறிய கணக்காளர் அலுவலகம். அங்கே பழைய உபுண்டு சர்வர் ஒன்றில், கேவிஎம் என்ற மென்பொருள் வழியாக, சம்பளக் கணக்குக்கான விண்டோஸ் மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஒரு நாஸ் பெட்டி (வலை வழியே பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) வாங்கியிருக்கிறார்கள். மெய்நிகர் கணினியின் வட்டு சர்வரில் ஒரு கோப்பாகவே இருக்கும். அந்த வட்டுக் கோப்பை நாஸுக்கு மாற்ற வேண்டும். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன தம்பி ஒருவன் சனிக்கிழமை காலையில் என்னை அழைத்தான்.

"அண்ணே, ஒரே ஒரு கோப்புதானே? இழுத்துப் போட்டுவிடட்டுமா?"

"பசியாறிவிட்டாயா தம்பி?"

"இன்னும் இல்லை அண்ணே."

"போய்ப் பசியாறிவிட்டு வா. அதுவரை எதையும் தொடாதே."

நான் ஜார்ஜ்டவுனில், கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அதனால் கட்டளைகளை எல்லாம் வாயால்தான் சொன்னேன். இங்கும் அப்படியே ஒலிப்படி எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். கோடு என்றால் "-", இரட்டைக் கோடு என்றால் "--"; அடுத்து வரும் எழுத்தோடு ஒட்டியே தட்டுங்கள்.

முதல் வேலை: எந்தக் கோப்பு என்று பார்ப்பது

மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் கருவியின் பெயர் விர்ஷ். "விர்ஷ் டொம்பிஎல்கேலிஸ்ட்" என்று தட்டி, மெய்நிகர் கணினியின் பெயரைக் கொடுங்கள். அது பயன்படுத்தும் வட்டுக் கோப்புகளின் முழுப் பாதையும் வரும். ஒன்று என்று நினைத்திருப்பீர்கள், இரண்டு இருக்கும். தம்பிக்கும் அப்படித்தான் ஆனது. இரண்டாவது, யாரோ எப்போதோ செருகி மறந்துபோன விண்டோஸ் நிறுவல் சிடியின் ஐஎஸ்ஓ கோப்பு. அதை விட்டுவிடலாம்.

இரண்டாவது வேலை: அணைப்பது

ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியின் வட்டைச் சும்மா நகலெடுக்கக் கூடாது. ஏன் என்று புரிந்துகொள்ளாவிட்டால் ஒருநாள் அவசரத்தில் இந்தத் தவற்றைச் செய்துவிடுவீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் கூட்டத்தைக் கைப்பேசியில் அகலப் படமாக, இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பி எடுத்துப் பாருங்கள். நீங்கள் திருப்பும் திசையிலேயே நடக்கும் காவடிக்காரர் ஒருவர் படத்தில் இரண்டு முறை விழுவார். எதிர்த்திசையில் வந்த இன்னொருவர் காணாமலே போவார். கோப்பை நகலெடுப்பதும் இப்படித்தான். தொடக்கப் பகுதி 9 மணிக்கு நகலாகிறது, கடைசிப் பகுதி 9:20க்கு. இடையில் விண்டோஸ் எழுதிக்கொண்டே இருக்கிறது. தரவு ஒரு நேரத்தையும் அதன் அட்டவணை வேறொரு நேரத்தையும் காட்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிக நிறுவனத்தில் இதே தவற்றைச் செய்தேன். நகல் நன்றாகவே எழுந்து நின்றது. தரவுத்தளத்தைத் திறந்தபோதுதான் பாதி விலைப்பட்டியல்களைக் காணவில்லை. பழைய கோப்பை அழிக்காமல் வைத்திருந்ததால் தலை தப்பியது.

ஆகவே, "விர்ஷ் ஷட்டவுன்". பிறகு "விர்ஷ் லிஸ்ட்", இரட்டைக் கோடு, "ஆல்". நிலை "ஷட் ஆஃப்" என்று வரும்வரை காத்திருங்கள். விண்டோஸ் அசையவில்லை என்றால் உள்ளே நுழைந்து அங்கிருந்தே அணையுங்கள். பொறுமை இழந்து "விர்ஷ் டெஸ்ட்ராய்" போடாதீர்கள். பெயர் பயமுறுத்தினாலும் அது எதையும் அழிக்காது. ஆனால் மின்கம்பியைப் பிடுங்குவதற்குச் சமம்.

அணைத்த கையோடு "விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்" கட்டளையின் விடையை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். நினைவகம் எவ்வளவு, வலையட்டையின் முகவரி என்ன என்பதெல்லாம் வட்டில் இல்லை, இதில்தான் இருக்கிறது.

வெற்றிடக் கணக்கு

கோப்பின் அளவைப் பார்க்க "எல்எஸ்", கோடு, "எல்எச்" என்று தட்டச் சொன்னேன். "500 ஜிபி அண்ணே" என்றான். அது வட்டில் பிடிக்கும் இடத்தைப் பார்க்க "டியூ", கோடு, "எச்" என்று தட்டச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. "62 ஜிபி என்கிறது. வட்டு கெட்டுவிட்டதா?"

கெடவில்லை. இரண்டுமே உண்மை. இந்தக் கோப்பு, வட்டை அப்படியே கோப்பாக வைக்கும் ரா வகையைச் சேர்ந்தது. 500 ஜிபி வரை வளரலாம் என்ற பெயர்ப்பலகை வெளியே தொங்குகிறது. உள்ளே இதுவரை எழுதப்பட்டது 62 ஜிபிதான். மீதி வெற்றிடம். வாசித்தால் சுழியங்களாக வரும், ஆனால் வட்டில் இடம் பிடிக்காது. பல கருவிகளுக்கு இந்த வெற்றிடம் தெரியாது. கோப்புகளை வலை வழியே அனுப்பும் எஸ்சிபி கட்டளை கொண்டு அனுப்பினால் சுழியங்களையும் ஒவ்வொன்றாக எண்ணி அனுப்பி, அந்தப் பக்கத்தில் முழு 500 ஜிபியை நிரப்பிவிடும். ஒரு கிகாபிட் வலையில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 110 எம்பி போகும். 62 ஜிபிக்குப் பத்து நிமிடம். 500 ஜிபிக்கு 75 நிமிடத்துக்கு மேல்.

கியூ, ஈ, எம், யூ, கோடு, ஐ, எம், ஜி: இந்தக் கருவியில் "இன்ஃபோ" என்று கேட்டால் இரண்டு அளவுகளையும் ஒருசேரக் காட்டும். அதைவிட முக்கியம், "பேக்கிங் ஃபைல்" என்று ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உங்கள் கோப்பு இன்னொரு கோப்பின் மேல் ஏறி நிற்கிறது. மேலே இருப்பதை மட்டும் தூக்கிப்போனால் பயனில்லை. அணைக்காமல் இந்தக் கட்டளையைப் போட்டால் பூட்டுக் கிடைக்கவில்லை என்று மறுத்துவிடும். அது பிழையில்லை, எச்சரிக்கை.

நகலெடுத்தல்

நாஸின் என்எஃப்எஸ் பகிர்வு (வலை வழியே பகிரப்படும் கோப்புறை) சர்வரில் இணைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "டிஎஃப்", கோடு, "எச்" என்று தட்டி இடம் போதுமா என்று பாருங்கள். நடுவில் யுஎஸ்பி வட்டு வைத்து மாற்றுகிறவர்கள் அது எஃப்ஏடி32 வடிவில் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது.

முதலில் "டிமக்ஸ்" திறந்து, அதற்குள் வேலையைத் தொடங்குங்கள். உங்கள் மடிக்கணினியின் வைஃபை அறுந்தாலும் நகல் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

ரா கோப்பு ராவாகவே போக வேண்டும் என்றால் "ஆர்சிங்க்", கோடு, "ஏவி", அதோடு ஒட்டிப் பெரிய எழுத்தில் "எஸ்", பிறகு இரட்டைக் கோடு, "ப்ராக்ரெஸ்", மூலம், சேருமிடம். அந்தப் பெரிய எஸ்தான் வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டுவைப்பது. இனிமேல் ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்த நேர நிலையைச் சேமிப்பது) எடுக்கும் வசதியும் வேண்டும் என்றால், மேலே "இன்ஃபோ" கேட்ட கருவியிலேயே "கன்வர்ட்" என்று கொடுத்து, கோடு "பி", கோடு பெரிய "ஓ", புதிய வடிவத்தின் பெயரான "கியூகவ்2" என்று தட்டுங்கள். இது வெற்றிடத்தையும் விட்டுவிடும், பேக்கிங் ஃபைல் இருந்தால் அதையும் கரைத்து ஒரே கோப்பாக்கிவிடும். ஆனால் பழைய கியூகவ்2 கோப்புக்குள் ஸ்னாப்ஷாட்கள் இருந்தால் அவை கூட வராது. தம்பிக்கு இரண்டாவது வழியைச் சொன்னேன்.

சரிபார்த்தல்

ஆர்சிங்க் வழியில் போனவர்கள், கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போல ஓர் எண்ணைக் கணக்கிட்டுத் தரும் "ஷா256சம்" கட்டளையை இரண்டு கோப்புகளிலும் ஓட்டி, விடை ஒன்றா என்று பாருங்கள். நாஸ் பக்கத்துக் கணக்கை நாஸிலேயே போட முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் வெற்றிடமும் சுழியங்களாக வலை வழியே திரும்பி வரக்கூடும். வடிவம் மாற்றியவர்களுக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது. அவர்களுக்கு "கன்வர்ட்" செய்த கருவியிலேயே "கம்பேர்" இருக்கிறது. உள்ளிருக்கும் தரவை மட்டும் ஒப்பிட்டு, ஒன்றுபோல் இருந்தால் அப்படியே சொல்லும்.

புதிய இடத்தில் எழுப்புதல்

"விர்ஷ் எடிட்" திறந்து கோப்பின் பாதையை மாற்றுங்கள். வடிவம் மாற்றியிருந்தால், சற்று மேலேயுள்ள "டைப்" என்ற இடத்தில் "ரா" என்பதையும் "கியூகவ்2" ஆக்குங்கள். இதை மறந்தால் துவக்க வட்டே இல்லை என்று மெய்நிகர் கணினி கை விரிக்கும். அனுமதி இல்லை என்று வந்தால், என்எஃப்எஸ் பகிர்வில் "ரூட் ஸ்குவாஷ்" (சர்வரின் ரூட் பயனருக்கு நாஸில் முழு அதிகாரம் தராத அமைப்பு) இருக்கிறதா என்று நாஸ் அமைப்பில் பாருங்கள்.

எழுப்புவதற்கு முன் பழைய கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள். அழிக்க வேண்டாம், பெயரை மட்டும். அப்போது விண்டோஸ் எழுந்தால் அது புதிய இடத்திலிருந்துதான் எழுந்தது என்பதில் சந்தேகமே இருக்காது. இரண்டு வாரம் பழைய கோப்பிலேயே வேலை செய்துவிட்டு, புதியது என்று நினைத்து அதை அழித்தவர்களை எனக்குத் தெரியும்.

கேவிஎம்முக்குப் பதிலாக விஎம்வேர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் இஎஸ்எக்ஸ்ஐ சர்வரில் விஎம்டிகே என்ற வட்டு வடிவம் இரண்டு கோப்புகள். சில வரிகளே உள்ள விவரக் கோப்பு ஒன்று. "ஃப்ளாட்" என்று முடியும் பெரிய தரவுக் கோப்பு இன்னொன்று. சின்னதை மட்டும் தூக்கிவந்து திகைப்பவர்கள் உண்டு. "விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ்", கோடு, "ஐ" என்று நகலெடுத்தால் இரண்டும் சேர்ந்தே வரும். இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கோப்பை வெறுமனே நகலெடுத்து அதே கணினியில் சேர்த்தால் எண் ஏற்கனவே இருக்கிறது என்று மறுக்கும். "குளோன்மீடியம்" கட்டளை புதிய எண் கொடுத்துவிடும்.

தம்பியின் விண்டோஸ் முதல் முறையிலேயே எழுந்தது. பழைய கோப்பை அந்த மாதச் சம்பளம் போட்டு முடித்து, ஊழியர் சேமநிதிச் சந்தாவைச் செலுத்தும் கெடுவான 15ஆம் தேதி தாண்டும்வரை வைத்திருக்கச் சொன்னேன். 16ஆம் தேதி காலையில் அவனே அழைத்தான்.

"அண்ணே, பசியாறிவிட்டேன். அழிக்கலாமா?"

"நாஸுக்கு வேறோர் இடத்தில் பேக்கப் இருக்கிறதா?"

"நேற்று இரவு எடுத்தேன் அண்ணே."

கட்டளையைத் தட்டி, என்டர் அழுத்தும் முன் கோப்பின் பெயரை எனக்கு எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டச் சொன்னேன்.