கதை, சிரிப்பு, வித்தை: மலைப்பள்ளி வகுப்பில் சறுக்கும் இடங்கள்

கதை சொல்லி, சிரிக்கவைத்து, நடுவே ஒரு வித்தையும் காட்டிப் பாடம் நடத்தும் ஆசிரியரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மணி அடித்த பிறகு அவர்கள் வெளியே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "சார் காசை மறைய வச்சாருடா" என்பதோடு பேச்சு நின்றுபோனால், அன்றைக்கு சாரைப் பார்த்தார்கள், பாடத்தைப் பார்க்கவில்லை. நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி, குந்தா பக்கத்துப் பள்ளிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இதில் பாதித் தவறுகள் எந்த ஊரிலும் நடப்பவை. மீதி இந்த மலைக்கே உரியவை.

முதலில் வித்தை. காசு மறைவதும் கைக்குட்டை நிறம் மாறுவதும் எந்தப் பாடத்துக்கும் வழி காட்டுவதில்லை. அதற்கென்று கடையில் பெட்டி வாங்குவது வீண்செலவு. நீலகிரியில் வித்தைப் பொருள் ஒவ்வொரு அடுப்பிலும் கொதித்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடி டம்ளரில் பால் சேர்க்காத தேயிலைச் சாயத்தை ஊற்றி, ஆறியதும் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுங்கள். கருஞ்சிவப்பு வெளுத்துத் தேன் நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் நுரைத்துக்கொண்டு மறுபடி கருக்கும். தேயிலையின் நிறப்பொருள்கள் அமிலத்தில் வெளுக்கும், காரத்தில் கருக்கும். அவ்வளவுதான் விஷயம். அம்மா கொழுந்து பறிக்க, அப்பா பேக்டரிக்குப் போக, தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான அமில-காரப் பாடம் கிடையாது.

இதிலும் சறுக்க இடமுண்டு. நிறம் மாறிய மறுநொடியே "பார்த்தீங்களா, இதுதான் அமிலம்!" என்று ஆசிரியர் முந்திக்கொண்டால் வித்தை அங்கேயே செத்துவிடும். சாறு விடுவதற்கு முன்னால் என்ன ஆகும் என்று கேட்டு, ஆளுக்கு ஒரு வரி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். விட்ட பிறகும் வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் காத்திருங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "தண்ணி சேர்ந்துச்சுல்ல சார், அதான் வெளுத்துடுச்சு." அதைத் தப்பு என்று தள்ளிவிடாதீர்கள். அன்றைய வகுப்பின் ஆகச் சிறந்த வாக்கியம் அதுதான். அந்தப் பிள்ளையையே கூப்பிட்டு, இன்னொரு டம்ளர் சாயத்தில் அதே அளவு பச்சைத் தண்ணீரைச் சொட்டச் சொல்லுங்கள். இரண்டையும் வெள்ளைத் தாளின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பது என்றால் என்ன என்று அறிவியல் புத்தகம் சுற்றி வளைத்துச் சொல்வதை இரண்டு டம்ளர் சொல்லிவிடும்.

அடுத்தது, ரகசியத்தைக் காப்பது. மேடை வித்தைக்காரருக்கு ரகசியம்தான் பிழைப்பு, ஆசிரியருக்கு அது தேவையே இல்லை. "அது சாருக்கு மட்டும் தெரிஞ்ச மந்திரம்" என்று கண்ணடிப்பது விளையாட்டாகத் தோன்றும். இந்த மலையில் அது அவ்வளவு எளிதான விளையாட்டல்ல. இந்த மலையின் பழங்குடிகளில் ஒருவரான குறும்பர்கள் சூனியம் வைப்பார்கள் என்ற பேச்சு இங்கே தலைமுறைகளாக ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பழியைச் சுமத்தி அவர்களைக் கொன்ற சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. உங்கள் வகுப்பில் குறும்பர் வீட்டுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கலாம். மந்திரவாதி கதையை நீங்கள் சும்மா சுவாரசியத்துக்காக எடுத்துவிட, இடைவேளையில் மற்றவர்கள் அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீங்கள் அப்போது டீ குடிக்கப் போயிருப்பீர்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் 'மந்திரமா தந்திரமா' என்று ஊர் ஊராக நடத்தும் நிகழ்ச்சியைப் பாருங்கள்: வித்தையைக் காட்டுவார்கள், உடனே அவிழ்த்தும் காட்டுவார்கள். வகுப்புக்கு அந்த முறைதான் சரி. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் செய்துகாட்டி, பாட்டிக்கும் அவிழ்த்துக் காட்டும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிளிசரினும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கலந்து தானாகத் தீப்பிடிக்கவைக்கும் வித்தை மட்டும் வேண்டாம். குளிருக்குப் பயந்து செயற்கை நூல் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில் தீப்பொறி விளையாட்டுக்கு இடமே இல்லை.

சிரிப்புக்கு வருவோம். எளிதில் கிடைக்கும் சிரிப்பு எப்போதும் ஒரு பிள்ளையின் தலையில்தான் விடியும். தாமதமாக வந்தவனை "என்னப்பா, வழியில யானை நின்னுச்சா?" என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் உண்மையிலேயே யானை நின்றிருக்கும். தேயிலைத் தோட்டத்துக்குள் ஒதுங்கிக் காத்திருந்துவிட்டு வந்த பிள்ளை அதைச் சொல்லாமலே உட்கார்ந்துவிடும். உச்சரிப்பைக் கேலி செய்வதும் இதே வகைதான். வீட்டில் படுகர் மொழியோ மலையாளமோ பணியர் மொழியோ பேசிவிட்டு வரும் பிள்ளைகளிடம் தமிழ்ச் சிலேடையை வீசினால், முன்வரிசையில் ஐந்து பேர் சிரிப்பார்கள். மற்றவர்கள், அவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். புரிந்ததாக நினைத்துக்கொண்டு நீங்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

பாடத்துக்குள்ளிருந்தே கிளம்பும் சிரிப்பு நிற்கும். வேகம், தொலைவு, நேரம் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். மலை ரயில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஊட்டிக்கு ஏறுகிறது என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கரும்பலகையில் எழுதுங்கள். "சார், அதுல இறங்கி நடந்துட்டே வரலாம் சார்!" என்று சத்தம் வரும். சரி, நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிடலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஏறக்குறைய 5 மணி நேரம். மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம் என்ற விடை வந்ததும் இன்னொரு முறை சிரிப்பார்கள், இந்த முறை கணக்குப் போட்டுவிட்டு. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்துப் பற்களைக் கவ்விக்கொண்டு ஏறுவதை அந்தச் சூட்டிலேயே சொல்லிவிடலாம்.

கதையில் நடக்கும் பெரிய தவறு, யார் கண்ணால் சொல்கிறோம் என்று யோசிக்காமல் சொல்வது. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து நீலகிரியைக் "கண்டுபிடித்தார்" என்று வீரக்கதையாகச் சொல்வது நம் பழக்கம். அப்போது தோடர்கள் எருமை மேய்த்துக்கொண்டும், கோத்தர்கள் பானையும் இரும்பும் செய்துகொண்டும், படுகர்கள் நிலத்தில் விதைத்துக்கொண்டும் இங்கேதான் இருந்தார்கள். அவர்களுடைய வாரிசுகள் மூன்றாவது பெஞ்சில் இருக்கிறார்கள். அதே ஆண்டு, அதே மலை, அதே சல்லிவன். ஆனால் எருமை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுவன், மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வரும் வெள்ளைக்காரக் கூட்டத்தைப் பார்க்கிறான் என்று தொடங்கிப் பாருங்கள். சிறுவன் கற்பனை, மற்றதெல்லாம் வரலாறு என்பதைக் கதை முடிந்ததும் சொல்லிவிட வேண்டும். சுவைக்காகச் சேர்த்ததைப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவிட்டு வந்து நிற்பார்கள்.

கதை முடிந்ததும் "இதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொண்டோம்?" என்று கேட்கும் வழக்கத்தையும் கொஞ்ச நாள் ஒத்திவையுங்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் சார் விடுவார் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

கடைசியாக மழை. ஜூன், ஜூலையில் கூடலூர்ப் பக்கம் தகரக் கூரையில் அது இறங்கினால் உங்கள் கதை முதல் வரிசையைத் தாண்டாது. கத்திப் பார்க்காதீர்கள். கதையைக் கரும்பலகையில் படம் படமாக வரையலாம், இல்லை ஊமை நாடகமாக நடித்துப் பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லலாம். படம் கோணலாக வந்தால் இன்னும் நல்லது, தொண்டையும் பிழைத்துக்கொள்ளும்.