துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களின் பாக்டீரியத் தடுப்பாற்றலைச் சோதிக்கும் முறை

துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைத் தயாரித்த மாணவர்களில் பலர், பாக்டீரியா பரப்பிய அகார் (களி போன்ற வளர்ப்பு ஊடகம்) தட்டில் குழி வெட்டித் துகள் கலவையை ஊற்றி, மறுநாள் அதைச் சுற்றித் தெளிந்திருக்கும் வட்டத்தை அளவுகோலால் அளந்து சோதனையை முடித்துவிடுகிறார்கள். கரையும் மருந்துகளுக்கு அம்முறை பொருந்தும். நீரில் அரிதாகவே கரைகிற, அகாருக்குள் எளிதில் நகராத துகளுக்குப் பொருந்தாது. அங்கே அளக்கப்படுவது பெரும்பாலும் துகளிலிருந்து கரைந்து வெளியேறிய துத்தநாக அயனி பரவிய தூரமே. ஆகவே திரவ ஊடகத்தில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, அதாவது பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் காண்பதே மேல்.

உலர்ந்த பொடி மூச்சில் செல்லக்கூடியது என்பதால், கிருமிநீக்கிய துகளில் 40 மில்லிகிராமை முகக்கவசத்துடன் புகைபோக்கி அறைக்குள் எடைபோட்டு, கிருமி நீக்கிய 10 மில்லிலிட்டர் வாலைவடிநீரில் இட்டு, பனிக்கட்டியில் வைத்தபடி மீயொலியால் கலைக்கவும். கலைத்தவுடன் பாக்டீரியா வளர்ப்பு ஊடகமான முல்லர்-ஹின்டன் திரவத்தை இரட்டை வலிமையில் சம அளவு சேர்த்தால் மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் கிடைக்கும். துகள்கள் விரைவில் திரண்டு அடியில் படிந்துவிடும். எனவே ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன்பும் குலுக்க வேண்டும்.

96 குழித் தட்டின் ஒரு வரிசையில், முதல் குழியில் இக்கலவை 200 மைக்ரோலிட்டரும் மற்றவற்றில் துகளற்ற, வழக்கமான வலிமை கொண்ட முல்லர்-ஹின்டன் திரவம் 100 மைக்ரோலிட்டரும் இட்டு, 100 மைக்ரோலிட்டர் வீதம் பத்தாம் குழி வரை கடத்தி, அதிலிருந்து மிகுதியை நீக்கிவிடவும். மெக்ஃபார்லண்ட் 0.5 என்ற கலங்கல் தரஅளவுக்குச் சமமாக்கிய எஸ்செரிச்சியா கோலை வளர்ப்பை நூறு மடங்கு நீர்த்து, முதல் பதினொரு குழிகளிலும் 100 மைக்ரோலிட்டர் சேர்த்தால், மில்லிலிட்டருக்குச் சுமார் 5 லட்சம் உயிரணுக்கள் இருக்கும். துகள் செறிவு மில்லிலிட்டருக்கு 1000 மைக்ரோகிராமில் தொடங்கிப் படிப்படியாகப் பாதியாகும். பதினொன்றாவது துகளற்ற பாக்டீரியா. பன்னிரண்டாவதில் வெறும் திரவம் மட்டுமே.

அடுத்த வரிசையில் பாக்டீரியா இல்லாமல் துகளை மட்டும் அதே செறிவுகளில் வைக்க வேண்டும். துகளே வெண்மையாகக் கலங்கித் தெரிவதால், இவ்வரிசை இல்லாமல் ஒளியடர்த்தி அளவீட்டை நம்புவதற்கில்லை. துகளின் விளைவில் கரைந்த துத்தநாக அயனியின் பங்கை அறிய, மூன்றாவது வரிசை எளிதில் கரையும் துத்தநாக சல்ஃபேட்டுக்கு: 1 மில்லிகிராம் துத்தநாக ஆக்சைடில் உள்ள துத்தநாகத்துக்கு ஈடாக, ஏழு நீர் மூலக்கூறு கொண்ட சல்ஃபேட் சுமார் 3.5 மில்லிகிராம் தேவை. துகள் முழுவதும் கரைவதில்லை என்பதால் இது உச்சவரம்பு மட்டுமே. துகள் கலவையை ஒரு நாள் வைத்து, அதிவேக மையவிலக்கிக்குப் பின் மேல்திரவத்தைத் தனியே சோதிப்பது இன்னும் நேர்மையான ஒப்பீடு. 0.22 மைக்ரான் வடிகட்டியை இதற்கு நம்ப வேண்டாம். நானோ துகள் அதன் வழியே போய்விடும்.

வெளிச்சத்தைப் பலர் குறிப்பதே இல்லை. சுமார் 370 நானோமீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் கொண்ட புறஊதா ஒளி இப்பொருளில் எலக்ட்ரானைக் கிளர்த்தி, உயிரணுச் சவ்வைத் தாக்கும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்களை உண்டாக்குகிறது. சன்னலோரத் தட்டும் அலமாரித் தட்டும் வெவ்வேறு விடை தரலாம். ஆகவே ஒரு தட்டை அலுமினியத் தாளில் சுற்றியும், மற்றொன்றை அளவிட்ட ஒளியிலும் வைக்கவும். இரண்டும் 35 பாகை செல்சியஸில் 16 முதல் 20 மணி நேரம் இருக்கட்டும்.

பிறகு குழிக்கு 0.015 சதவீத ரெசாசூரின் சாயக்கரைசல் 30 மைக்ரோலிட்டர் சேர்த்தால், உயிருள்ள இடத்தில் நீலம் இளஞ்சிவப்பாக மாறும். பாக்டீரியா இல்லாத வரிசையும் நிறம் மாறினால் துகளே சாயத்தோடு வினைபுரிகிறது என்று பொருள், அவ்வாசிப்பைக் கைவிடுக. நீலமாகவே நின்ற குழிகளிலிருந்து 10 மைக்ரோலிட்டரை அகாரில் பரப்பிப் பார்ப்பது கட்டாயம். தொடக்கத்தில் அந்த அளவில் சுமார் 5000 உயிரணுக்கள் இருந்திருக்கும். மறுநாள் ஐந்து அல்லது அதற்குக் குறைந்த பாக்டீரியக் கூட்டங்கள் மட்டுமே முளைத்தால் 99.9 சதவீதம் மடிந்தன எனலாம், அதற்கு மேல் முளைத்தால் துகள் வளர்ச்சியைத் தடுத்ததே அன்றிக் கொல்லவில்லை.

முடிவை எழுதும்போது துகளின் அளவைத் தயாரித்த நிலையில் மட்டுமன்றி, அதே திரவத்தில் அளந்தும் கொடுக்கவும். தட்டுகளை 121 பாகையில் நீராவி அழுத்தக் கலனில் (ஆட்டோகிளேவ்) கிருமிநீக்கிய பின் துகள் கலந்த கழிவைத் தொட்டியில் ஊற்றாமல், உலோகக் கழிவுக்கான கலத்தில் சேர்க்கவும்.