சுயநினைவு இல்லாதபோது உங்களுக்காக யார் பேசுவது? அமெரிக்காவில் மெடிக்கல் பவர் எழுதி வைக்கும் முறை

அமெரிக்காவில் 18 வயது நிறைந்த ஒருவரின் சிகிச்சை முடிவுகள் அவருடையவை மட்டுமே. அவர் பேச முடியாமல் கிடந்தால் டாக்டர் யாரைக் கேட்பது என்பதற்குப் பல மாநிலங்களில் சட்டப்படி ஒரு வரிசை இருக்கிறது. பெரும்பாலும் கணவன் அல்லது மனைவி முதலில், பிறகு வயது வந்த பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர். நண்பர் கடைசியில் வருவார். சில மாநிலங்களில் வரவே மாட்டார். தனியாக வந்திறங்கியவருக்கு இந்த வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் கடல் தாண்டி இருப்பார்கள். யாரும் கிடைக்காவிட்டாலோ, உறவுகளுக்குள் தகராறு வந்தாலோ உங்களுக்காக முடிவெடுக்க ஒரு கார்டியனை (சட்டப்படியான பாதுகாவலரை) நியமிக்கக் கேட்டு கோர்ட்டுக்குப் போக நேரும். மனு, டாக்டர் சான்று, வக்கீல், விசாரணை என்று பணமும் நாளும் கரையும். கடைசியில் முன்பின் தெரியாத ஒருவர்கூட கார்டியனாக வரலாம்.

இதைத் தவிர்க்கும் வழிதான் மெடிக்கல் பவர் ஆஃப் அட்டர்னி, அதாவது உங்களால் முடியாதபோது உங்கள் சிகிச்சையை முடிவு செய்ய ஒருவரை நியமிக்கும் பத்திரம். நியூயார்க்கில் இதற்கு ஹெல்த் கேர் ப்ராக்ஸி என்று பெயர். குடியுரிமையோ கிரீன் கார்டோ தேவையில்லை. விசாவில் இருப்பவரும் எழுதலாம். மாநிலத்தின் படிவம் இலவசமாகக் கிடைக்கும், வக்கீல் கட்டாயமில்லை.

படிவங்கள் தள்ளுபடியாவது பெரும்பாலும் கையெழுத்துப் பகுதியில்தான். நியூயார்க்கில் இரண்டு சாட்சிகள் வேண்டும்; உங்களுக்காக முடிவெடுக்கப்போகிறவர் சாட்சியாகக் கையெழுத்திடக் கூடாது. டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் இரண்டு சாட்சிகள் அல்லது நோட்டரி. கலிஃபோர்னியாவில் சாட்சிகளில் ஒருவராவது சொந்தக்காரராகவோ உங்கள் சொத்தில் பங்கு பெறுபவராகவோ இல்லாதவராக இருக்க வேண்டும். வீட்டிலிருக்கும் இருவரையே சாட்சியாக்குவது நம்மவர்கள் அடிக்கடி செய்கிற தவறு.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. நம் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் கடைசிப் பெயராகியிருக்கும். சிலருக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். உங்கள் பெயரையும் நியமிப்பவர் பெயரையும் அவரவர் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். ஆஸ்பத்திரிப் பதிவில் வேறு மாதிரி இருந்தால், அவசரத்தில் இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டிவரும்.

நியமிப்பவர் நடுராத்திரியிலும் போன் எடுப்பவராக, டாக்டரிடம் தயங்காமல் கேள்வி கேட்பவராக இருக்கட்டும். ஊரிலிருக்கும் அப்பாவைவிட பக்கத்து நகரத்து நண்பர் பொருத்தமாக இருக்கலாம். இருவரைச் சேர்த்து நியமிக்காதீர்கள். கருத்து வேறுபட்டால் சிகிச்சை நின்றுபோகும். ஒருவர், அவருக்கு மாற்றாக இன்னொருவர் என்று எழுதுங்கள். கோர்ட் கார்டியன் நியமிக்கும் நிலை வந்தால் இவரையே நியமிக்கக் கோரும் வரி சில படிவங்களில் உண்டு. கலிஃபோர்னியாவில் கார்டியன் என்பதற்குப் பதில் கன்சர்வேட்டர் என்றிருக்கும். அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். டெக்சாஸில் இதற்குத் தனிப் பத்திரம் எழுத வேண்டும்.

நியூயார்க்கில் வசிப்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று: குழாய் வழி உணவு, நீர் பற்றிய உங்கள் விருப்பம் நீங்கள் நியமித்தவருக்குத் தெரிந்திருந்தால்தான் அதைப் பற்றி அவர் முடிவெடுக்க முடியும். ஆகவே அந்த விருப்பத்தைப் படிவத்திலேயே எழுதுங்கள். பல படிவங்கள் நீங்கள் முடிவெடுக்க இயலாத நிலையில்தான் செயலுக்கு வரும். அதற்கு முன்பே அவர் உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஹிப்பா (மருத்துவத் தகவல் ரகசியச் சட்டம்) அனுமதிப் படிவத்திலும் தனியாகக் கையெழுத்திடுங்கள்.

உடன் வந்திருக்கும் பெற்றோருக்கு மறதி தொடங்கியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மறதி நோய் என்று சொல்லப்பட்டாலே உரிமை போய்விடாது. யாரை, எதற்காக நியமிக்கிறோம் என்று புரிந்தால் கையெழுத்திடலாம். ஆங்கிலப் படிவத்தைத் தமிழில் விளக்குபவர், நியமிக்கப்படும் பிள்ளையாக இல்லாமல் வேறொருவராக இருப்பது நல்லது. பின்னாளில் யாராவது எதிர்த்தால் அது பெரிய பலம்.

பேங்க் கணக்கு, வாடகை எதற்கும் இந்தப் பத்திரம் செல்லாது. பணத்துக்குத் தனிப் பவர் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தாது, அவர்களுக்குக் கார்டியன் யாரென்று உயிலில் எழுத வேண்டும்.

மூலத்தை லாக்கரில் பூட்டிவிட்டால் தேவைப்படும் நேரத்தில் யார் கைக்கும் கிடைக்காது. நியமித்தவருக்கும் மாற்று ஆளுக்கும் குடும்ப டாக்டருக்கும் நகல் கொடுங்கள். ஆஸ்பத்திரியின் ஆன்லைன் கணக்கிலும் ஏற்றி, போனிலும் ஒரு பி.டி.எஃப். வைத்திருங்கள். வேறு மாநிலத்துக்கு மாறினாலும், திருமணமோ விவாகரத்தோ நடந்தாலும் அப்போது வசிக்கும் மாநிலத்தின் படிவத்தில் புதிதாக எழுதி, பழைய நகல்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.