சிக்னல்ஸ் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு: முதலில் மழைக் கணக்கு

பொறியியல் பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வந்தால், மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தைக்கும் ஒருதரம் வருவார்கள். கையில் பெரும்பாலும் ஒரே பாடத்தின் குறிப்புக் கொப்பிதான் இருக்கும்: சிக்னல்ஸ் அன்ட் சிஸ்டம்ஸ். "அக்கா, தொகையீடு எல்லாம் செய்யத் தெரியுது. ஆனா என்னத்துக்குச் செய்யிறம் எண்டுதான் விளங்கல்ல" என்பார்கள். நானும் அதே இடத்தில் நின்றவள்தான். முதல் முறை அந்தப் பாடத்தில் நான் தேறவில்லை. இரண்டாம் முறை வேறொரு வரிசையில் படித்தேன், விளங்கியது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை. உயர்தரத்தைத் தமிழில் படித்தவர்கள் கொப்பியின் முதல் பக்கத்தை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் மீடிறன், வீச்சம், அவத்தை, பரிவு, கணத்தாக்கு, சிக்கலெண் என்று எழுதுங்கள். மறுபக்கம் விரிவுரையில் வரும் பிரீக்குவென்சி, ஆம்ப்ளிடியூட், பேஸ், ரெசொனன்ஸ், இம்பல்ஸ், கொம்ப்ளெக்ஸ் நம்பர். போன வருடம் வந்த ஒரு தங்கச்சி, இம்பல்ஸ் என்றால் ஏதோ புதுப்பூதம் என்று பயந்துகொண்டிருந்தாள். இணைந்த கணிதத்தில் பந்து மோதும் கணக்குகளில் கணத்தாக்கை நூறு தரம் எழுதியவள் அவள். பாதிப் பாடம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெயர்தான் மாறியிருக்கிறது.

சரி, சிக்னல் எது, சிஸ்டம் எது? சின்ன வயதில் ஒரு பறுவ இரவு மாமா என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தடிக்குப் போனார். துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல்முனையைக் காட்டி, "காத வச்சிக் கேளு புள்ள" என்றார். வெறுங்காதுக்கு எட்டாத ஒரு மெல்லிய ஒலி, நரம்பை விரலால் தொட்டதுபோல, மரத்தின் வழியாக வந்தது. பாடும் மீன் என்று ஊரே சொல்லும் ஒலி அது. தண்ணீருக்குள் நேரத்தோடு மாறிக்கொண்டிருந்த அழுத்தம் ஒரு சிக்னல். துடுப்பு ஒரு சிஸ்டம். என் காதுக்கு வந்து சேர்ந்தது இன்னொரு சிக்னல். உள்ளே போவது, மாற்றுவது, வெளியே வருவது, இந்த மூன்றும்தான் பாடம் முழுவதும். துடுப்புக்குப் பதிலாகத் தடையியும் கொள்ளளவியும் சேர்ந்த ஒரு சுற்று இருக்கலாம், தொலைபேசி இணைப்பு இருக்கலாம், ஒரு கணினி நிரல் இருக்கலாம்.

ஒரு சிஸ்டத்தை அறிய வேண்டுமானால் அதை ஒருமுறை சட்டென்று தட்டிப் பாருங்கள். கோயில் மணியை நாக்கு தொடுவது ஒரு கணம்தான். அதற்குப் பிறகு நாம் கேட்பதெல்லாம் மணியின் சொந்தக் குணம். ஆளில்லாத மண்டபத்தில் ஒருதரம் கைதட்டினால் எதிரொலித்து அடங்கும் ஒலி, அந்த மண்டபத்தின் குணம். இதைத்தான் இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ் என்கிறார்கள். இந்த ஒன்றை அளந்துவிட்டால், அந்த மண்டபத்தில் நாதஸ்வரம் எப்படிக் கேட்கும் என்பதை வாசிக்காமலே கணக்கிடலாம். அந்தக் கணக்குக்குப் பெயர் கொன்வலூஷன். பிள்ளைகள் விழுவது இங்கேதான், அதனால் இதில் நிறைய நேரம் இருக்கப் போகிறோம்.

தொகையீட்டுக் குறியைத் தொடாதீர்கள். மழையை எடுங்கள். ஒரு நாள் ஒரு அங்குலம் மழை பெய்தால், ஒரு குளத்துக்கு வரும் ஓடையில் அன்றைக்கு 1 பங்கு தண்ணீர், மறுநாள் 3 பங்கு, அதற்கடுத்த நாள் 2 பங்கு, நான்காம் நாள் 1 பங்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேட்டு நிலத்துத் தண்ணீர் வந்து சேர நேரம் எடுப்பதால் இரண்டாம் நாள்தான் கூட. இனி, மூன்று நாட்கள் தொடர்ந்து 2, 4, 1 அங்குலம் என மழை பெய்கிறது. ஓடையில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு வரும்? ஒவ்வொரு நாள் மழைக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியையும் ஒரு நாள் தள்ளித் தொடங்குங்கள்.

முதல் நாள் மழை: 2, 6, 4, 2
இரண்டாம் நாள் மழை: –, 4, 12, 8, 4
மூன்றாம் நாள் மழை: –, –, 1, 3, 2, 1
கூட்டினால்: 2, 10, 17, 13, 6, 1

அவ்வளவுதான் கொன்வலூஷன். மழை கூடப் பெய்தது இரண்டாம் நாள், ஓடை கூட ஓடியது மூன்றாம் நாள். வெள்ளம் பார்த்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1932இல் லெறோய் ஷேர்மன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஆற்றுநீருக்கு முன்வைத்த முறை இதேதான். நீர்ப்பாசனப் பொறியியல் படிப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அடுத்த அறையில் மின்னியல் படிப்பவர்கள் அதே கணக்கை வேறு பெயரில் படிக்கிறார்கள்.

புத்தகத்தில் ஒரு சார்பைத் திருப்பிப் போட்டு நகர்த்தச் சொல்வார்களே, ஏன் திருப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு வருடம் விளங்கவில்லை. நான்காம் நாளை மட்டும் எடுத்துப் பாருங்கள். முதல் நாள் மழைக்கு அன்று மூன்று நாள் வயது, அது 1 பங்கு வீதம் தருகிறது: 2. இரண்டாம் நாள் மழைக்கு இரண்டு நாள் வயது, 2 பங்கு வீதம்: 8. மூன்றாம் நாள் மழைக்கு ஒரு நாள் வயது, 3 பங்கு வீதம்: 3. கூட்டினால் 13. மழையை முன்னிருந்து பின்னாக வாசிக்கும்போது பங்குகளைப் பின்னிருந்து முன்னாக வாசிக்கிறோம், ஏனென்றால் முந்திப் பெய்த மழைக்குத்தான் வயது கூட. திருப்புதல் அங்கிருந்துதான் வருகிறது. இந்த மாதிரி இருபது கணக்காவது தாளில் செய்யுங்கள். விடை சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு: மழையின் கூட்டுத்தொகை 7, பங்குகளின் கூட்டுத்தொகை 7, விடையின் கூட்டுத்தொகை 49 வர வேண்டும். வரும்.

இந்தக் கணக்கு எங்கும் செல்லுமா? செல்லாது. இரண்டு நிபந்தனைகள் உண்டு, இரண்டையும் நம் ஊரிலேயே பார்க்கலாம். முதலாவது, ஏகபரிமாணம், அதாவது லீனியர். மழை இரண்டு மடங்கானால் விளைவும் இரண்டு மடங்காக வேண்டும், இரண்டு மழைகளின் விளைவுகளைத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டலாம். உன்னிச்சைக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்தாயிற்று என்று செய்தி வரும் நாட்களை நினைத்துப் பாருங்கள். அதற்குமேல் மழை எவ்வளவு கொட்டினாலும் குளத்தின் மட்டம் அதே வீதத்தில் ஏறாது. அம்ப்ளிபயரைத் தாங்காத அளவுக்குத் திருகினால் ஒலிபெருக்கி கரகரப்பதும் இதே கதைதான், அலையின் தலை வெட்டுப்படுகிறது. முதல் மழையைக் காய்ந்த நிலம் குடித்துவிடும் என்பதால், மேலே செய்த ஓடைக் கணக்கும் உண்மையில் ஓரளவுக்குத்தான் சரி. பொறியியலில் அந்த 'ஓரளவு' எதுவரை என்று அறிவது பெரிய விஷயம்.

இரண்டாவது, நேரத்தோடு மாறாமை. இன்று தட்டினாலும் நாளை தட்டினாலும் சிஸ்டம் ஒரேமாதிரிப் பதில் தர வேண்டும். மட்டக்களப்பு வாவி அப்படி இல்லை. முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும்போது பெய்யும் மழைக்கு வாவி ஒருவிதமாக ஏறும். முகத்துவாரத்தை வெட்டிக் கடலோடு சேர்த்த பிறகு அதே மழைக்கு வேறுவிதமாக ஏறும். மழை அதே மழைதான், சிஸ்டம் மாறிவிட்டது. சோதனையில் டைம் இன்வேரியன்ஸ் கேள்வி வந்தால் என் பிள்ளைகள் முகத்துவாரத்தை நினைத்துக்கொண்டுதான் எழுதத் தொடங்குவார்கள்.

அப்புறம் சைன் அலை. எல்லாச் சிக்னலையும் ஏன் சைன்களாக உடைக்கிறார்கள்? இதற்கும் தாள் போதும். இன்றைய எண்ணையும் நேற்றைய எண்ணையும் கூட்டி இரண்டால் பிரிக்கும் ஒரு சிஸ்டம் எடுங்கள். உள்ளே 1, 1, 1, 1 போனால் வெளியே 1, 1, 1 வரும். மாறாத சிக்னலை அப்படியே விடுகிறது. 1, -1, 1, -1 போனால் 0, 0, 0. ஆக வேகமாக ஆடுவதை முழுதாக அடக்கிவிடுகிறது. நடுவில் ஒன்று: 1, 0, -1, 0, 1. வெளியே 0.5, -0.5, -0.5, 0.5 வரும். இந்த நான்கு எண்களையும் வரைந்து பாருங்கள். அதே மீடிறனில் ஆடும் சைன்தான், வீச்சம் 0.707, அவத்தை 45 பாகை பின்தங்கியிருக்கிறது. மீடிறன் மாறவில்லை, வீச்சமும் அவத்தையும் மட்டும் மாறின. மேலே சொன்ன இரண்டு நிபந்தனைகளும் உள்ள எந்தச் சிஸ்டமும் சைனை இப்படித்தான் நடத்தும், புது மீடிறனை அதனால் உண்டாக்க முடியாது. அலையின் தலையை வெட்டும் ஒலிபெருக்கியோ மூன்று மடங்கு, ஐந்து மடங்கு மீடிறன்களைப் புதிதாகக் கொண்டுவரும். நாம் கரகரப்பு என்பது அதைத்தான்.

1807இல் ஜோசப் ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் இந்த வழிக்கு வந்தது வெப்பத்தை ஆராயும்போது. கம்பி ஒன்றில் வெப்பநிலை சைன் வடிவில் இருந்தால் நேரம் போகப்போக அந்த வடிவம் மாறாது, உயரம் மட்டும் குறையும். நெருக்கமான அலைகள் சீக்கிரம் அடங்கும். எந்த வடிவத்தையும் சைன்களாக உடைத்துவிட்டால் ஒவ்வொன்றும் எப்படி அடங்கும் என்று தனித்தனியே சொல்லிவிடலாம். சுருங்கும் சைனையும் பெருகும் சைனையும் சேர்த்துக்கொண்டால் அது லாப்பிளாஸ் உருமாற்றம். இந்த இடத்தில் நின்றுகொண்டு புத்தகத்தின் உருமாற்ற அட்டவணையைப் பார்த்தால் அது மனப்பாடப் பட்டியலாகத் தெரியாது. அதற்கு முன் அட்டவணையைத் திறக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எண் வரிசைகளுக்கான செட் (Z) உருமாற்றத்தைப் பார்த்தும் பயப்படாதீர்கள். மழையை 2 + 4க + க² என்றும், பங்குகளை 1 + 3க + 2க² + க³ என்றும் எழுதுங்கள். 'க' என்பதற்கு 'ஒரு நாள் தாமதம்' என்று பொருள். சாதாரணதரத்தில் செய்ததுபோல இரண்டையும் பெருக்குங்கள்: 2 + 10க + 17க² + 13க³ + 6க⁴ + க⁵. அதே எண்கள். கொன்வலூஷன் பெருக்கலாக மாறும் என்று விரிவுரையில் சொல்வது இதைத்தான். கூட்டுத்தொகையைச் சரிபார்த்த வழியும் இங்கேயே இருக்கிறது, 'க'வுக்கு 1 போடுங்கள்.

இவ்வளவும் கையால் செய்த பிறகு கணினிக்குப் போங்கள், முந்தி வேண்டாம். ஒக்டேவ் என்ற கணிப்பு மென்பொருள் இலவசம், பைத்தன் என்ற நிரல்மொழியும் இலவசம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் விரிவுரைகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கையால் செய்த விடையோடு கணினியின் விடையை ஒத்துப் பாருங்கள்.

கணினியில் முதலில் செய்ய வேண்டியது சாம்பிளிங், அதாவது சிக்னலைச் சம இடைவெளிகளில் அளந்து எண்களாக்குவது. பழைய தொலைபேசி முறை குரலைச் செக்கனுக்கு 8000 தரம் அளக்கும், சீடி 44,100 தரம். அளக்கும் வீதத்தில் பாதிக்கு மேலுள்ள மீடிறன் பிடிபடாது என்ற விதியோடு நைகுவிஸ்ட், ஷனன் என்ற இருவரின் பெயர்கள் வரும். பிடிபடாது என்றால் காணாமல் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். காணாமல் போனால் நல்லது. அது வேறொன்றாக வேடம் போட்டு வரும், ஆபத்து அதில்தான். ஒக்டேவில் செக்கனுக்கு 48,000 புள்ளிகள் வைத்து 5000 ஹேர்ட்ஸ் சைன் ஒன்றைச் செய்து கேளுங்கள். பிறகு ஆறு புள்ளிக்கு ஒன்றை மட்டும் எடுத்து, 8000 வீதத்தில் இயக்குங்கள். 3000 ஹேர்ட்ஸ் கேட்கும், 8000இல் 5000 போன மிச்சம். நீங்கள் செய்யாத ஒலி உங்கள் காதில் விழும். இப்படி வேடம் போட்டு வருவதற்குப் பெயர்தான் அலியாசிங். அந்த ஒருதரம் கேட்டால் அது ஆயுளுக்கும் மறக்காது.

கடைசியாக ஒரு பயிற்சி. போனில் ஒலிப்பதிவைத் திறந்து வைத்துவிட்டு, தளபாடம் இல்லாத ஒரு அறையில் ஒருதரம் பலமாகக் கைதட்டுங்கள். அடுத்து, வீட்டு முற்றத்தில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிப் பதியுங்கள். இரண்டு பதிவையும் கணினியில் கொன்வலூஷன் செய்து கேளுங்கள். முற்றத்தில் சொன்ன பெயர் அந்த அறைக்குள் நின்று சொன்னதுபோல வரும். வராவிட்டால் இரண்டு பதிவின் சாம்பிளிங் வீதமும் ஒன்றுதானா என்று பாருங்கள். அனேகமாகப் பிழை அங்கேதான் இருக்கும்.