மயிலாப்பூரில் பழைய வீடும் பாடசாலையும் பார்க்க நினைத்தால்

கிளம்புவதற்கு முன்னால் தினசரி காலண்டரில் திதியைப் பாருங்கள். பழைய முறையில் நடக்கும் வேத பாடசாலைகளுக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் கணக்கில்லை. அஷ்டமி, சதுர்த்தசி, அமாவாசை, பௌர்ணமி, அவற்றுக்கு அடுத்த பிரதமை ஆகிய நாட்களில் பாடம் சொல்ல மாட்டார்கள், அனத்யயனம் என்பார்கள். இது தெரியாமல் ஒரு அஷ்டமியன்று ஆர்வமாகப் போய் நின்றேன், வாசலில் பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான் போனது அதற்கில்லை.

பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கிக் கபாலீஸ்வரர் கோயில் பக்கம் நடந்துவிடுங்கள், காரைக் கொண்டு வந்தால் நிறுத்த இடம் தேடுவதிலேயே காலைப்பொழுது போய்விடும். ஏழு மணிக்குள் வந்துவிடுவது நல்லது. மார்கழி என்றால் இன்னும் முன்னால் வாருங்கள், மாட வீதியில் பஜனையும் கோலமும் கிடைக்கும். பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழா அன்று மட்டும் வேண்டாம். அன்று வீடு எங்கே தெரியப்போகிறது, தலைகள்தான் தெரியும்.

மாட வீதிகளில் இப்போது கீழே கடை, மேலே அடுக்குமாடி என்று ஆகிவிட்டதால் நேராக நிமிர்ந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு கடைகளுக்கு நடுவில் உள்ளே போகும் இடுக்கைப் பாருங்கள், சில இடங்களில் முன்பக்கம் மட்டும்தான் கடை, பின்னால் பழைய வீடு அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால் சித்திரக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் தொடங்குங்கள், கூட்டம் குறைவு, நின்று பார்க்கலாம்.

எதைப் பார்ப்பது? முதலில் திண்ணை. தெருவிலிருந்து அதற்கு எத்தனை படி என்று எண்ணுங்கள். ஒரு படிகூட இல்லாமல், ஏன், தெருவைவிடத் தாழ்வாகவே சில திண்ணைகள் இருக்கும். வீடு இறங்கவில்லை, பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில் தெரு ஏறிவிட்டது, மழைக்காலத்தில் அந்த வீட்டுக்காரர்கள் படும் பாடு தனிக்கதை. அடுத்து கூரை. நாட்டு ஓடா, மெட்ராஸ் டெரஸா? டெரஸ் என்றால் தேக்கு உத்திரங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைப் படுக்கவிடாமல் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பில் கோணலாக வரிசை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்த வரிசை தெரியும், காரை பூசி மறைத்திருந்தாலும் உத்திரம் காட்டிக்கொடுத்துவிடும். கதவு திறந்திருந்தால் ரேழி என்கிற நுழைவு நடை, முற்றம், கூடம், பின்கட்டு, கிணறு எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் வரும். கொல்லை வெளிச்சம் தெருவரைக்கும் தெரிகிற வீடு ஒன்றாவது உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே போகாதீர்கள். "மாமி, திண்ணையையும் தூணையும் மட்டும் பாத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். போனை எடுப்பதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். 'இதை விற்கப்போகிறீர்களா' என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள், நீங்கள் புரோக்கர் என்று முடிவாகிவிடும்.

பாடசாலையிலும் அதே மரியாதைதான். செருப்பை வெளியே விட்டு, வாத்தியாரிடம் சொல்லிவிட்டு ஓரமாக உட்காருங்கள். அவர் ஒரு முறை சொல்ல, பையன்கள் அதையே இரண்டு முறை திருப்பிச் சொல்வார்கள், இதற்குச் சந்தை என்று பெயர். ஸ்வரம் பிசகினால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருப்பச் சொல்லுவார். பத்து நிமிஷம் கேட்டாலே ஏறும் இடமும் இறங்கும் இடமும் உங்கள் காதுக்குப் பிடிபடத் தொடங்கும்.

அப்புறம் ராயப்பேட்டை நெடுஞ்சாலைக்கு வந்தால் சமஸ்கிருதக் கல்லூரி. 1906-ல் வி. கிருஷ்ணசாமி ஐயர் தொடங்கியது. பாரதியின் பாட்டுகளை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தவர், இந்தியன் வங்கி உருவாகக் காரணமாக இருந்தவர் எல்லாம் இவர்தான். முதல்வராக இருந்த குப்புசாமி சாஸ்திரியின் பெயரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அதே வளாகத்தில் இருக்கிறது. சுவடி, நூலகம் என்று ஆர்வம் இருந்தால் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள்.

லஸ் பக்கம் வக்கீல்களும் நீதிபதிகளும் கட்டிய தோட்ட பங்களாக்கள் பெரும்பாலும் போய்விட்டன. அமிர்தாஞ்சன் நாகேஸ்வர ராவின் ஸ்ரீபாக் வீட்டில்தான் 1937-ல் கடலோர ஆந்திரக்காரர்களும் ராயலசீமைக்காரர்களும் தனி ஆந்திர மாகாணத்துக்காக ஒப்பந்தம் போட்டார்கள். அவர் பெயரிலுள்ள பூங்காவில் கொஞ்சம் காலாற உட்கார்ந்துகொள்ளலாம்.

நேரமிருந்தால் பஸ் பிடித்துக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் போய்விடுங்கள். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் இங்கே தங்கினார். அதே ஆண்டு அவரைப் போலவே ராமகிருஷ்ணரின் நேரடிச் சீடரான ராமகிருஷ்ணானந்தர் வந்து ராமகிருஷ்ண மடத்தை இங்கேதான் நடத்தத் தொடங்கினார், மயிலாப்பூருக்கு மடம் போனது 1907-ல். பிறகு சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்ததும் இதே கட்டடத்தில்தான், அதை நினைத்துக்கொண்டு ஒரு முறை மாடி ஏறி இறங்குங்கள். எதிரே கடற்கரை, வெயில் தாழ்ந்திருந்தால் அப்படியே மணலில் இறங்கிவிடலாம்.