மரத்துக்குப் பொந்து விழுந்தால்: நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

நம் தோலில் வெட்டுப்பட்டால் புதுத் தோல் வளர்ந்து ஆறிவிடும். மரத்துக்கு அப்படிக் கிடையாது. காயம்பட்ட கட்டை, மரம் உயிரோடு இருக்கும்வரை உள்ளேயே கிடக்கும். அதைச் சுற்றி வேலி போட்டுவிட்டு வெளிப்பக்கம் புதுக் கட்டையை வளர்த்துக்கொள்வதுதான் மரம் செய்வது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய ஆலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நெடுக்குவாக்கில் அறுத்துப் பார்த்து, 1970களில் இந்த வேலியை நான்கு சுவர்களாக விளக்கினார். முதல் சுவர் நீர்க்குழாய்களை அடைத்து அழுகல் மேலும் கீழும் ஓடுவதைத் தாமதப்படுத்தும். நான்கில் பலவீனமானது இதுதான். இரண்டாவது உள்நோக்கிப் போவதையும் மூன்றாவது பக்கவாட்டில் பரவுவதையும் தடுக்கும். நான்காவது சுவரைக் காயம்பட்ட பிறகு காம்பியம், அதாவது பட்டைக்கு அடியில் புதுக் கட்டையை உண்டாக்கும் மெல்லிய திசு, புதிதாக எழுப்புகிறது. காயத்துக்கு முன் இருந்த கட்டையையும் பின் வளர்ந்த கட்டையையும் பிரித்து நிற்பது அது. பூஞ்சையைத் தடுப்பதில் அதுவே மிக வலுவானது.

அக்கறையோடு செய்யப்படும் பல வேலைகள் இந்தச் சுவர்களைத்தான் உடைக்கின்றன.

கிளையைத் தண்டோடு ஒட்ட வெட்டுவது

வெட்டு மழமழவென்று இருந்தால்தான் வேலை சுத்தம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. கிளை தண்டிலிருந்து பிரியும் இடத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கிளையின் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் மூட்டுப்போல் லேசான புடைப்பு இருக்கும். மேலே, இடுக்கில், பட்டை சுருங்கி மடிந்து கறுத்த வரம்பாக ஓடும். அந்தப் புடைப்புதான் கிளைக்கழுத்து. அது கிளையைச் சேர்ந்ததல்ல, தண்டின் திசு. கிளை செத்தால் பூஞ்சை தண்டுக்குள் வராமல் தடுக்கும் ஏற்பாடும் அங்கேதான். ஒட்ட வெட்டும்போது அந்தக் காவலையே அறுத்து எறிகிறோம். காயமும் பெரிதாகிவிடும். நேர் எதிர்த் தவறு, ஒரு முழம் குச்சியை விட்டுவைப்பது. இலையில்லாத குச்சி செத்து, பூஞ்சைக்கு வாசலாகும்.

சரியான முறைக்கு மூன்று வெட்டு வேண்டும். தண்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சில செ.மீ. வெளியே, மேலிருந்து இரண்டாவது. கிளை அதில் முறிந்து விழும். முதல் வெட்டு இல்லையென்றால் விழுகிற கிளை தண்டின் பட்டையைக் கீழ்வரை உரித்துக்கொண்டு போகும். பாரம் போன பிறகு, கழுத்துப் புடைப்பைத் தொடாமல் அதன் வெளி ஓரத்தில் மூன்றாவது வெட்டு. செய்தது சரியா என்பதை ஓரிரு ஆண்டில் மரமே காட்டிவிடும். சரியான வெட்டைச் சுற்றிப் புதுக் கட்டை வளையல்போல் சீராக எழும்பும். ஒட்ட வெட்டிய இடத்தில் இரு பக்கமும் மட்டும் உருளும். மேலும் கீழும் செத்துக் கிடக்கும்.

வெட்டின் அகலமும் முக்கியம். 5 செ.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலான மரங்கள் சமாளித்துக்கொள்ளும். 10 செ.மீ.யைத் தாண்டினால் உள்ளிருக்கும் வைரக்கட்டை திறந்துபோகும் வாய்ப்பு அதிகம். வைரத்தில் உயிருள்ள செல்கள் கிடையாது, எதிர்த்து நிற்க அங்கே யாருமில்லை. பெரிய கிளை பாரமாகத் தோன்றினால் முழுக்க எடுப்பதைவிட, வெட்டும் இடத்தின் குறுக்களவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குள்ள பக்கக்கிளை வரை குறைப்பது நல்லது.

பெயின்ட், தார், சிமென்ட்

வெட்டிய இடத்தில் தாரோ பெயின்டோ பூசுவதால் அழுகல் நிற்பதில்லை. பூச்சு காய்ந்து வெடிக்கும், வெடிப்புக்குள் ஈரம் தங்கும், பூஞ்சை நிழலில் வளரும். ஓக் வாடல் நோய் உள்ள பகுதிகளில் புது வெட்டை நாடி வண்டுகள் நோயைச் சுமந்து வருவதால், அங்கே ஓக் மரத்தை வெட்டிய கையோடு பூசுவார்கள். அது வண்டைத் தடுக்க. அழுகலைத் தடுக்க அல்ல.

பொந்தைச் சுரண்டுவது அதைவிடப் பெரிய கேடு. இற்றுப்போன கட்டையை எல்லாம் வழித்தெடுத்து, நல்ல கட்டை தெரியும்வரை உளியால் செதுக்குவது பல்லுக்குச் சரி, மரத்துக்குச் சரியில்லை. அந்த நல்ல கட்டையின் ஓரம்தான் மரம் கட்டிய சுவர். அதைச் செதுக்கிவிட்டால் இத்தனை ஆண்டும் அடைபட்டிருந்த பூஞ்சைக்குப் புதுக் கட்டை திறந்துவிடும். தேங்கிய நீரை வடிக்கத் துளை போடுவதும் இதே தவறு. சிமென்ட் நிரப்பினால், காற்றில் மரம் வளையும், சிமென்ட் வளையாது. இரண்டும் உரசி உட்சுவர் தேயும். பிற்பாடு அந்த மரத்தை அறுக்க வேண்டி வந்தால், உள்ளே சிமென்ட் இருப்பது தெரியாமல் சங்கிலி ரம்பம் வைப்பவருக்கு உயிர் ஆபத்து. பொந்தில் கையால் அள்ளக்கூடிய குப்பையை எடுக்கலாம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

காளானைப் பிய்த்து எறிவது

தூரில் அடுக்குக் காளான் தெரிந்ததும் தட்டிப் பெயர்த்துவிட்டு நோய் போய்விட்டதாக நினைப்பார்கள். மாம்பழத்தைப் பறித்தால் மாமரம் போய்விடுமா? காளான் வெறும் காய். பூஞ்சை இழைகளாகக் கட்டைக்குள் பல ஆண்டுகளாக ஓடியிருக்கும். பிய்த்துப் போடுவதால் இழப்பது துப்பு மட்டும்தான். பிய்ப்பதற்கு முன் மேல்புறம், அடிப்புறம், ஒட்டிய இடம் மூன்றையும் படம் எடுங்கள். அடியில் நுண்துளையா செவுள்போன்ற மடிப்பா, தரையிலிருந்து எவ்வளவு உயரம், வேரிலா தூரிலா கிளையிலா என்று குறித்துவையுங்கள். போர்டோ பசை என்ற செம்புப் பூஞ்சைக்கொல்லியைத் தடவுவதும் மருந்து ஊசி போடுவதும் உட்கட்டை அழுகலைக் குணமாக்காது.

எல்லா அழுகலும் ஒன்றல்ல. பழுப்பழுகல், கட்டையின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்று, அதை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினை விட்டுவைக்கும். கட்டை பழுப்பாகிக் கட்டம் கட்டமாக வெடித்து விரலில் பொடியும். வெண்ணழுகல் லிக்னினையும் கரைக்கும். கட்டை வெளுத்து நார்நாராக, பஞ்சுபோல் ஆகும். பழுப்பழுகலில் எடை குறைவதற்கு முன்பே வலு போய்விடுவதால் முன்னறிவிப்பு குறைவு. கேனோடெர்மா வகைக் காளானைச் சுற்றி கோகோ பொடி தூவியதுபோல் பழுப்பு வித்துத்தூள் படிந்திருக்கும். பெரும்பாலும் தூரில்தான் வரும். ஆர்மில்லேரியா என்றால் பட்டைக்கு அடியில் வெள்ளை ஏடும் கறுப்புச் செருப்புக்கயிறு போன்ற இழைகளும் கிடைக்கும். மிகவும் கவலை தர வேண்டியது கிரெட்ஸ்மேரியா. தீய்ந்த கரிப்பொருக்குபோலத் தூரோடு ஒட்டிக்கிடக்கும் இதைப் பலரும் காளான் என்றே எண்ணாமல் கடந்துபோவார்கள். மேலே இலை பச்சையாக இருக்கும்போதே அடிமரம் பீங்கான்போல் முறியலாம்.

மறுபக்கம், மரத்தடி மண்ணில் முளைக்கும் எல்லாக் காளானும் எதிரியல்ல. பல, வேரோடு கூட்டு வைத்து நீரும் தாதுவும் ஊட்டுபவை. மண்ணைக் கிளறி, அது கட்டையிலிருந்து வருகிறதா என்று பார்க்காமல் மரத்துக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது.

பொந்து என்றாலே வெட்டிவிடுவது

1 மீட்டர் குறுக்களவுள்ள தண்டின் நடுவில் 50 செ.மீ. வெற்றிடம் இருந்தால், வளைவைத் தாங்கும் வலுவில் குறைவது சுமார் 6 சதவீதம்தான். 70 செ.மீ. ஆனால் 24 சதவீதம். 90 செ.மீ. ஆனால் 66. பாரம் தாங்குவது வெளிச்சுற்று என்பதால்தான் இப்படி. மரங்கள் முறிவதை ஆராய்ந்த ஜெர்மனியின் கிளாஸ் மேத்தெக், பொந்தைச் சுற்றி மிச்சமுள்ள நல்ல கட்டையின் கனம் தண்டின் ஆரத்தில் 0.3 பங்குக்குக் கீழே போனால் எச்சரிக்கை என்றார். இதைச் சட்டம்போல் எடுத்துக்கொள்வதும் தவறு. பக்கத்தில் வாய் திறந்த பொந்து, ஒருபக்கமாக ஒதுங்கிய அழுகல், வேர் அழுகல் இவற்றுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தழையின் அளவும் மரத்தின் உயரமும் கணக்கை மாற்றும்.

சோதனையும் காயமாகலாம். துளையிட்டு எதிர்ப்பை அளக்கும் கருவியின் ஊசிமுனை 3 மி.மீ.தான் என்றாலும் சுவரைத் தாண்டி அழுகலுக்குள் போய்வருகிறது. முதலில் கண், அடுத்து தட்டி ஓசை கேட்க நைலான் சுத்தியல், பிறகு ஒலி அலைப் படம், கடைசியில் தேவையான இடத்தில் மட்டும் துளை.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்

மரம் அறுக்கத் தெரிந்தவர் எல்லாரும் ஆர்பரிஸ்ட், அதாவது மரப் பராமரிப்பு வல்லுநர், அல்லர். நிற்கப்போகும் மரத்தில் முள்காலணி மாட்டி ஏறுகிறவரை அப்போதே இறக்கிவிடுங்கள். ஒவ்வோர் அடியும் பட்டையில் ஒரு துளை. தென்னை, பனை வகைகளுக்குக் காம்பியமே கிடையாது என்பதால் அந்தத் துளை ஒருநாளும் மூடாது. உச்சியை மொட்டையடிக்கச் சொல்பவரையும் தவிருங்கள். வெட்டுவாய் அழுகும், அதன் ஓரத்திலிருந்து அவசரமாகக் கிளம்பும் போத்துகள் மேலோட்டமாக ஒட்டியவை, கனத்ததும் பிய்ந்து விழும்.

நல்ல ஆர்பரிஸ்ட் முதலில் தூரைப் பார்ப்பார். மண் ஏற்றிப் புதைத்திருக்கிறதா, மூடாக்கு தண்டில் முட்டுகிறதா (5 முதல் 10 செ.மீ. கனம் போதும், தண்டைத் தொடக்கூடாது), பள்ளம் தோண்டி வேரை வெட்டினார்களா என்று கேட்பார். கட்டுமானம் நடக்கும் இடத்தில் தண்டின் குறுக்களவைப்போல் 12 மடங்கு ஆரத்துக்குள் தோண்டாமல் காப்பது பிரிட்டிஷ் தர அளவு, 50 செ.மீ. தண்டுக்கு அது 6 மீட்டர். அவர் தரும் அறிக்கையில் மூன்று விடை இருக்க வேண்டும்: எந்தப் பகுதி முறியக்கூடும், முறிந்தால் யார்மேல் அல்லது எதன்மேல் விழும், அடுத்த சோதனை எப்போது. சில காளான்கள் மழைக்குப் பின் சில வாரமே தலைகாட்டி மறைந்துவிடும். அதனால் அந்தச் சோதனையில் ஒன்றாவது மழைக்காலத்தை ஒட்டி இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.