நல்லூருக்குப் போகிறவர்கள் வில்பத்தையும் பார்த்துவிட்டு வரலாம்

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் குடும்பங்களின் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, இரவோடு இரவாக வான் வண்டியில் யாழ்ப்பாணம். நல்லூர்த் திருவிழா, சொந்தக்காரர் வீடுகள், ஒரு கலியாணம், கீரிமலை. கடைசி நாளில் அதே வானில் திரும்பவும் விமான நிலையம். பிள்ளைகள் லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ திரும்பிப்போய், இலங்கை என்றால் வெயிலும் கோயிலும் என்று சொல்வார்கள். தாங்கள் தூங்கிக்கொண்டு கடந்த அந்த வழியில் கரடியும் சிறுத்தையும் யானையும் இருந்தன என்பது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

அதற்காகக் காட்டுக்கென்று தனியாக ஒரு சுற்றுலாப் போடச் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்குள் யால, சிங்கராஜ, ஹோட்டன் சமவெளி, மிரிஸ்ஸ என்று எல்லாவற்றையும் அடுக்கினால் விடுமுறை வானுக்குள்ளேயே முடிந்துவிடும். நீங்கள் எப்படியும் போகப்போகிற பாதையில் எந்தக் காடு இருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஓர் இரவு தங்குங்கள். அவ்வளவு போதும்.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு அந்தக் காடு வில்பத்து. திரும்பி வரும்போது வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம் வந்து, அங்கிருந்து நொச்சியாகம, புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கட்டுநாயக்காவுக்குப் போகலாம். வில்பத்தின் ஹுனுவிலகம வாசல் நொச்சியாகமவிலிருந்து கிட்டத்தான். அதாவது விமானம் ஏறப் போகிற வழியிலேயே நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா இருக்கிறது. 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரப்பு. 1938 இல் தேசியப் பூங்காவானது, போர்க்காலத்தில் பல வருடங்கள் பூட்டிக்கிடந்தது. அதனாலோ என்னவோ, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களில் பலருக்கு அந்தப் பெயரே நினைவில் வருவதில்லை.

உள்ளே போனால் சிவப்பு மணல் பாதை, இருபக்கமும் அடர்ந்த காடு, திடீரென்று வெளிச்சமாய் விரிகிற ஒரு நீர்நிலை. இதை ‘வில்லு’ என்கிறார்கள். மழைநீர் தேங்குகிற இயற்கையான பள்ளம், சுற்றிவரப் புல். ஒரு வில்லில் முதலை வாயைத் திறந்தபடி கிடக்கும், அடுத்ததில் மான்கூட்டம், நாரைகள். வில்லுகள் ஒன்றுக்கொன்று தூரம் என்பதால் அரைநாள் ஜீப் எடுத்தவர்கள் பாதிக் காட்டைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறார்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் முழுநாளுக்குப் பேசுங்கள். காலை 6 மணிக்கு வாசல் திறக்கும். அந்த நேரத்துக்கு ஜீப் வாசலில் நிற்க வேண்டும்.

ஒரு ஜூலை மாதம் என் மச்சாள் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். மச்சாள் வன்னியில் முள்ளியவளைக்காரி. பத்து மணிபோல வழிகாட்டித் தம்பி கையைக் காட்டி ஜீப்பை நிறுத்தச் சொன்னார். எஞ்சின் நின்றதும் மேலே கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. ஒரு பாலை மரத்தின் நடுக்கொப்பில் கரடி. நீண்ட வெள்ளை நகங்களால் கொப்பை வளைத்து, மஞ்சள் பாலைப்பழங்களை உதட்டாலேயே உருவி உருவித் தின்றது. சிந்தியதைப் பொறுக்கக் கீழே இரண்டு புள்ளிமான் நின்றன. மச்சாள் மெதுவாகச் சொன்னா: “இதைத்தானே நாங்களும் பொறுக்கித் திண்டனாங்கள்.” பாலைப்பழம் தின்றால் பால் பட்டு உதடு ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னா. அன்று பின்னேரம் வழியில் ஒரு கடையில் பழம் வாங்கி, பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி தின்றுவிட்டு உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கரடியைப் பார்க்க விரும்பினால் பாலை பழுக்கிற ஜூன், ஜூலை மாதங்கள்தான் தோது.

சிறுத்தைக்கு அப்படி ஒரு மாதம் கிடையாது. இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இல்லாத உள்ளினம். இந்தத் தீவில் வேங்கைப்புலியோ சிங்கமோ இல்லாததால் காட்டில் அதற்கு மேலே யாருமில்லை. கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுங்கள். மந்திகள் மரத்தின் மேலிருந்து விட்டு விட்டுக் கத்தினாலோ, புள்ளிமான் வாலைத் தூக்கிக்கொண்டு கூர்மையாகக் குரல் கொடுத்தாலோ பக்கத்தில் எங்கோ சிறுத்தை நடக்கிறது. அப்போது ஜீப்புக்குள் ஒருவரும் பேசக்கூடாது. பிள்ளைகளுக்கு இதை முதல்நாளே சொல்லிவைத்தால் அவர்கள் பெரியவர்களைவிட நன்றாகக் கேட்பார்கள்.

சரி, காசு விஷயம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் நுழைவுக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. வெளிநாட்டவர் கட்டணம் டொலர் கணக்கு. அதற்கு மேலே சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி என்று சேரும். ஆகவே ஜீப்காரர் ஒரு தொகை சொன்னால், அது ஜீப்புக்கு மட்டுமா, நுழைவுச்சீட்டும் சேர்த்தா என்று முதலில் கேளுங்கள். கூட வரும் உறவினர்களிடம் அடையாள அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அவர்கள் உள்ளூர்க் கட்டணத்தில் போகலாம். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். உறவினர்களைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். காட்டுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தும் ஒருநாளும் ஜீப்பில் ஏறி உள்ளே போய்ப் பார்க்காதவர்கள் எங்கள் குடும்பங்களில் நிறையப் பேர்.

திருகோணமலைப் பக்கம் போகிறவர்களுக்கு மின்னேரியா. மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டிய குளம். ஓகஸ்ட், செப்ரெம்பரில் நீர் வற்ற வற்றக் குளத்தின் படுக்கையில் இளம்புல் முளைக்கும். சுற்றியுள்ள காடுகளின் யானைகள் எல்லாம் அந்தப் புல்லுக்கும் தண்ணீருக்கும் வந்து சேரும். நூறு, இருநூறு யானைகள் ஒரே வெளியில் நிற்பதைப் பார்க்கலாம். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு போவது நல்லது. குளத்தில் நீர் கூடிவிட்டால் யானைகள் பக்கத்துக் காடுகளான கவுடுல்லவுக்கோ ஹுருலுவுக்கோ நகர்ந்துவிடும். எனவே எந்தப் பூங்கா என்று வெளிநாட்டிலிருந்தே பதிவுசெய்யாமல், ஹபரணையில் இறங்கி இன்றைக்கு யானை எங்கே என்று கேட்டுப் போங்கள். திருகோணமலையில் நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. 2003 இலிருந்து தேசியப் பூங்கா, பவளப்பாறைகளுக்கு மேலே நீந்தலாம். மே முதல் செப்ரெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். சிறிய சுறாக்களைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆனால் பவளத்தின் மேல் காலை வைக்காதீர்கள்.

மட்டக்களப்பு, பொத்துவில் பக்கம் சொந்தம் உள்ளவர்களுக்குக் குமண தேசியப் பூங்கா. உகந்தை முருகன் கோயிலைக் கும்பிட்டுவிட்டு அப்படியே போகலாம். கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள் கால்நடையாகக் கடக்கிற காடும் இதுதான். கதிர்காமத்துக்கு வாகனத்தில் போகிறவர்கள் கட்டகமுவ வாசலால் யாலவுக்குள் போகலாம். சிறுத்தை காணும் வாய்ப்பு யாலவில்தான் கூட. ஆனால் ஜீப் நெரிசலும் அங்கேதான் கூட. ஒரு சிறுத்தைக்கு முப்பது ஜீப் நிற்கிற இடத்தில் எனக்கு மனம் ஒட்டவில்லை. வறட்சிக்காகச் செப்ரெம்பரில் யாலவின் முக்கிய பகுதியை மூடுவது வழக்கம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மார்கழி விடுமுறையில் போகிறவர்களுக்குக் கணக்கு மாறும். வடக்கிலும் கிழக்கிலும் மழைக்காலம், குளங்கள் நிரம்பியிருக்கும், யானைகள் சிதறிவிடும். அப்போது பறவை பார்க்க மன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம் ஏறி, பூநகரி வழியாகப் போனால் திருக்கேதீச்சரத்தோடு சேர்த்து ஒரு நாளில் முடியும். வங்காலைப் பக்கத்துக் களப்புகளில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் (baobab) பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

நெடுந்தீவுக் கட்டாக்காலிக் குதிரைகளைப் பார்க்க எந்தப் பருவத்திலும் போகலாம். குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணி நேரமளவு. திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேளுங்கள். வறண்ட மாதங்களில் அந்தக் குதிரைகள் தண்ணீருக்கு மிகவும் கஷ்டப்படும். துரத்திப் படம் எடுக்க வேண்டாம்.

அப்புறம், தெருவில் யானை நின்றால் என்ன செய்வது? ஹபரணை–திருகோணமலை வீதியிலும் மொனராகலைப் பக்கத்துப் புத்தல–கதிர்காமம் வீதியிலும் இது சாதாரணம். சாப்பாடு நீட்டாதீர்கள். அது சட்டப்படி குற்றம், யானைக்கும் தீமை. ஒருமுறை வாழைப்பழம் கிடைத்த யானை அடுத்த வாகனத்தையும் மறிக்கும், பிறகு ஒருநாள் அதற்கே ஆபத்து வரும். அந்த வீதிகளில் இரவுப் பயணத்தைத் தவிர்க்கும்படி சாரதியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வடக்கில் பற்றைக் காடுகளுக்குள் இறங்கி நடக்க வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் அங்கே கண்ணிவெடி இன்னும் எடுத்து முடியவில்லை என்று அர்த்தம்.

வன்னியில் சொந்தக்காரர் வீட்டில் யானையைப் பற்றி ஆசையாகப் பேசும்போது கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள். ஒரு இரவில் வயலும் தென்னம்பிள்ளையும் போனவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் நாட்டில் யானைகள் நூற்றுக்கணக்கில் சாகின்றன, மனிதரும் நூற்றுக்கு மேல் சாகிறார்கள். பிள்ளைகளை அவர்களோடு உட்காரவைத்து யானையை விரட்ட வெடி போட்ட இரவுகளைச் சொல்லச் சொல்லுங்கள். ஜீப்பில் போவதற்கு முதல்நாள் இரவு அந்தக் கதையைக் கேட்ட என் மகள், மின்னேரியாவில் ஒரு தாய் யானையின் காலில் இருந்த பழைய வெடிக்காயத்தை எங்கள் எல்லோருக்கும் முதல் கண்டுவிட்டாள்.